‘சக்லர்’: வழக்கிழந்த ஓர் ஆங்கிலச் சொல்

யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ‘சக்லர்’ என்னும் சொல் உள்ளது. சக்கிலியர் என்னும் சாதிப்பெயரின் திரிபாகிய இச்சொல், தென்னாட்டு ஆங்கிலேயரிடையே செருப்புத் தைப்போரைக் குறித்து, இன்று வழக்கிழந்தது. அகராதியார் இருபொருளையும் பதிவு செய்தனர். ஆயின், சாதியின் பெயர் தொழிலின் பெயரானது எவ்வாறு என வினவினாரில்லை.

சிலம்பு தோல் தைப்போரைத் ‘துன்னர்’ என்னும். துன்னுதல் தைத்தலாதலின், அப்பெயர் வினையைச் சுட்டுவது, பிறப்பையன்று. ஆற்காட்டுப் பகுதியும் இதற்குச் சான்றாம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலை வளர்த்தோருள் முஸ்லிம் வணிகர் முதன்மையானவர். ஆலைகளில் பல வகுப்பினரும் உழைக்கின்றனர். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு உள்ஒதுக்கீட்டுச் சட்டமும் ‘அருந்ததியர்’ என்னும் பெயரையே தலைப்பில் கொண்டது.

ஆதலின், பழஞ்சொற்குப் பொருள் உரைப்போர், அஃது எவர்மீது சுமத்தப்பட்டது என்பதையும் உரைத்தல் வேண்டும்.