துணையா, படையா? ஜான்சிராணிப் படைப்பிரிவு குறித்த ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

இரண்டாம் உலகப்போரின்போது இந்தியப் பெண்கள் சீருடை அணிந்த அமைப்புகளுள் இரண்டு ஒப்புநோக்கத்தக்கவை. பிரித்தானிய இந்திய அரசு 1942இல் தோற்றுவித்த மகளிர் துணைப்படை, ஆண்களைப் போர்முனைக்கு விடுவிக்கும் பொருட்டு, எழுத்தர், தொலைபேசி இயக்குநர், ஊர்தி ஓட்டுநர் முதலிய பணிகளில் பெண்களை அமர்த்தியது. இந்திய தேசிய இராணுவத்தில் 1943இல் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சிராணிப் படைப்பிரிவோ, போரிடும் படையாகவே அறிவிக்கப்பட்டது. அதன் சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம் 22.10.1943 அன்று தொடங்கியது. தலைமையேற்ற இலட்சுமி சுவாமிநாதன் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். படையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலாயா இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள்.

இப்படைப்பிரிவு பற்றிய விரிவான நூல்களுள் ஜாய்ஸ் லெப்ரா (2008), வேரா ஹில்டபிராண்ட் (2016) ஆகியோருடையவை குறிப்பிடத்தக்கவை. பின்னவர், அப்போது உயிருடனிருந்த வீராங்கனைகளை நேர்கண்டு, இப்பெண்கள் நேரடிப் போரில் ஈடுபடுத்தப்படவில்லை என்னும் முடிவுக்கு வருகிறார். புகழுரை மிகுந்த இத்துறைக்கு இம்முடிவு தேவையான திருத்தமே. எனினும், ‘போரிட்டனரா?’ என்பதையே அளவுகோலாகக் கொண்டால், 1944இல் பர்மாவின் மேமியோவில் அவர்கள் ஆற்றிய மருத்துவப் பணியும், 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து மேற்கொண்ட கடுமையான பின்வாங்கலும் வெறும் துணைப்பணிகளாகச் சுருங்கிவிடும். ஆண்கள் படையின் மருத்துவப் பிரிவினரும் தளவாடப் பிரிவினரும் துப்பாக்கி ஏந்திப் போரிடாமலேயே படைவீரர் எனப்படுகின்றனர். பெண்களுக்கு மட்டும் வேறு அளவுகோல் பொருந்தாது.

மற்றொரு சிக்கல் சான்றுகளைப் பற்றியது. இலட்சுமியின் நினைவுக்குறிப்புகள் 1997இல் நூலாயின. ஜானகி தேவர், ராசம்மா பூபாலன் போன்ற கல்வி பெற்றோரின் கூற்றுகளும் கிடைக்கின்றன. தோட்டத் தொழிலாளிப் பெண்களின் குரலோ பெரும்பாலும் பிறர் வாய்மொழியாகவே நம்மை வந்தடைகிறது. அவர்களைப் படைக்கு ஈர்த்தது நாட்டு விடுதலை வேட்கையா, தோட்ட வாழ்விலிருந்து விடுபடும் விழைவா, இரண்டுமா என்பதைத் தலைவியரின் எழுத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.

இப்படைக்குப் பர்மாவிலும் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டிலிருந்து 1960களில் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள், வடசென்னையில் விம்கோ நகருக்கு வடக்கே எண்ணூர்ப் பகுதியில் வாழ்கின்றன. போர்க்காலத் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்ட நிலையில், அவர்தம் மக்களின் நினைவில் எஞ்சியுள்ள செய்திகளையேனும் தமிழிலேயே கேட்டுப் பதிவு செய்தல் உடனடித் தேவை. தொண்டரின் மொழியில் சான்றுகள் திரட்டப்படும்வரை இப்படைப்பிரிவின் வரலாறு தலைவியரின் வரலாறாகவே நிற்கும்.