எழுபது விழுக்காட்டின் எடை

கலிபோர்னியாவின் சோலடாட் என்ற சிற்றூரில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுச் சோதனையை வைத்து எடுத்த முடிவு அது. ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்லர் என்று தெரிந்தது. அவர்கள் சார்பில் தொடுத்து, 1970-இல் உடன்பாட்டில் முடிந்த டயானா வழக்கின் தாக்கத்தை 1975-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்விச் சட்டத்திலும் அதன் பின்வந்த திருத்தங்களிலும் காணலாம். அவற்றின்படி, குழந்தையை இயன்றவரை தாய்மொழியில் சோதிக்க வேண்டும். ஆங்கிலம் வரவில்லை என்பதை வைத்துக் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது.

இன்றைய சிக்கல் இதற்கு நேர்மாறானது. மொழிப் போதாமையைக் குறைபாடாக எண்ணிய இடத்தில், இப்போது குறைபாட்டை மொழிப் போதாமையாக எண்ணுகிறோம்.

அமெரிக்கப் பள்ளியில் சேரும்போது, வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவத்தில் கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறாவிட்டால் 'ஆங்கிலம் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறும். 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் ஆண்டுதோறும் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் சோதித்தாக வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் குழந்தைக்கும் விலக்கில்லை. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கு மாற்றுத் தேர்வு இருக்கிறது. காது கேளாமை போன்ற காரணத்தால் ஒரு திறனைச் சோதிக்கவே வழியில்லை என்றால் எஞ்சிய திறன்களைக் கொண்டு மதிப்பிட விதி இருக்கிறது.

இந்தக் கட்டாயத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தேர்வில் சேர்க்காத பிள்ளைகளுக்கு என்ன கற்றுத் தருகிறோம் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். 'இவனுக்குச் சிறப்புக் கல்வி கிடைக்கிறதே, ஆங்கில வகுப்பு வேறு எதற்கு' என்று ஒரு பள்ளி கைகழுவுவதைத் தடுப்பது இந்த விதிதான்.

கோளாறு மதிப்பெண்ணைக் கூட்டும் முறையில் இருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் அமைப்புகளும் சேர்ந்துள்ள வீடா கூட்டமைப்பின் 'ஆக்சஸ்' என்ற ஆண்டுத் தேர்வில், மொத்த மதிப்பெண்ணில் படித்தலுக்கு 35 விழுக்காடு, எழுதுதலுக்கு 35. கேட்டலுக்கும் பேசுதலுக்கும் தலா 15. ஆக, எழுபது விழுக்காடு எழுத்தை நம்பி நிற்கிறது. பாடநூலைப் படிக்க முடியாத பிள்ளை பொது வகுப்பில் திணறும் என்பதால் இந்த எடையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு கொண்ட ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவளால் ஆங்கிலத்தில் சரளமாக வாதாட முடிகிறது, கதை சொல்ல முடிகிறது. அச்சிட்ட பத்தியை மட்டும் படிக்க முடியவில்லை. படித்தல் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டவும் அனுமதியில்லை. வாசித்துக் காட்டினால் அது படித்தலைச் சோதிப்பதாகாது. அதுவும் சரிதான். விளைவு, ஆண்டுக்கு ஆண்டு அதே பட்டியலில் அவள் பெயர். நடுநிலைப் பள்ளியில் ஓவியமோ இசையோ எடுத்திருக்க வேண்டிய பாடவேளை, அவளுக்குத் தேவையற்ற இன்னொரு ஆங்கில வகுப்புக்குப் போய்விடலாம். வாசிப்புக் குறைபாட்டுக்கான பயிற்சிக்கு நேரம் குறைகிறது.

வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் டிஸ்லெக்சியா குழந்தையை இதே தேர்வில் உட்கார வைத்தால் அதுவும் படித்தலில் தடுமாறும். அந்தக் குழந்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. ஏனெனில் அதற்கு இந்தத் தேர்வே கிடையாது.

குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறையின் வழிகாட்டல் கூறியிருக்கிறது. எடுக்கலாம் என்று விட்டால், செலவை மிச்சப்படுத்தவே பலரை எடுத்துவிடுவார்கள். ஆகவே விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். சான்றை விரிக்கச் சொல்வேன். தாய்மொழியில் படிக்கக் கற்ற பிள்ளையாக இருந்தால், அந்த மொழியிலும் எழுத்துக் கூட்டுவதில் இதே தடுமாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், ஆங்கிலப் போதாமை அதற்கு முதற்காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வாய்மொழித் திறன் பல ஆண்டுகளாக உயர்ந்தே இருக்கிறதா என்றும், ஆங்கிலம் மட்டுமே பேசும் டிஸ்லெக்சியா குழந்தைகள் இத்தகைய தேர்வில் எந்த அளவில் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் சிறப்பாசிரியருக்குப் பக்கத்தில் ஆங்கில மொழி ஆசிரியரும் இந்தச் சான்றுகளோடு உட்கார்ந்தால், அந்தச் சிறுமியின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று அவளை அறிந்தவர்களே சொல்ல முடியும்.