டி பைப் பேட்டையில் ஒரு தகராறு

நெதர்லாந்து என்றதும் டூலிப் பூ, காற்றாலை, சைக்கிள் என்று மூன்று படங்கள் மனசில் வரும். சைக்கிள் விஷயத்தில் மட்டும் நாம் ஒரு சால்ஜாப்பு வைத்திருக்கிறோம். 'அவங்களுக்கு என்ன சார், மேடு பள்ளம் இல்லாத ஊரு, பிறக்கும்போதே சைக்கிளோட பிறக்கிறவங்க' என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவோம்.

இந்தச் சால்ஜாப்பை உடைக்கிற இரண்டு படங்களைப் போன வாரம் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டும் யூட்யூபில் கிடைக்கின்றன. ஒன்று, 2011-ல் மார்க் வாகன்பூர் என்பவர் செய்த ஆறரை நிமிஷப் படம். டச்சுக்காரர்களுக்கு சைக்கிள் பாதை எப்படிக் கிடைத்தது என்பதுதான் தலைப்பும் விஷயமும். மற்றது, 1972-ல் டச்சு டெலிவிஷனுக்காக எடுத்த டாக்குமெண்டரி. ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்று ஒரு நெரிசலான பழைய பேட்டை. அங்கே இருக்கிற வாண்டுகள்தான் கதாநாயகர்கள்.

முதல் படம் கச்சிதம். யுத்தத்துக்குப் பிறகு காசு வந்தது. காசு வந்ததும் கார் வந்தது. காருக்கு இடம் பத்தவில்லை என்று கட்டடங்களை இடித்தார்கள், இருந்த சைக்கிள் பாதைகளையும் எடுத்தார்கள், ஊர்ச் சதுக்கங்களை கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். 1971-ல் மட்டும் சாலையில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். விபத்தில் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற அதன் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. அப்புறம் டில்பர்க், ஹேக் நகரங்களில் சோதனைப் பாதைகள். சுபம்.

எல்லாம் உண்மைதான். ஆனால் பார்த்து முடித்ததும் எனக்கு ஏதோ இடித்தது. துக்கம், கோபம், எண்ணெய் நெருக்கடி, பாதை என்று ரசாயனச் சமன்பாடு மாதிரி விடை வந்துவிடுகிறது. யார் எதிர்த்தார்கள்? எதிர்த்த ஒரு ஆளின் முகம்கூட நினைவில் நிற்கவில்லை. டில்பர்கில் ஒரே ஒரு நல்ல பாதை போட்டுப் பார்த்தது பெரிசாகப் பலிக்கவில்லை. 80-களில் டெல்ஃப்ட் நகரில் ஊர் முழுக்கப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்தபோதுதான் பலன் தெரிந்தது. அந்தத் தோல்விதான் எனக்கு வேண்டியிருந்தது. அவசர அவசரமாக ஓடும் ஆறரை நிமிஷத்தில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது படத்துக்கு வாருங்கள். ஒரு பையன் தன் பேட்டையை நமக்குச் சுற்றிக் காட்டுகிறான். வீடுகள் சின்னவை, விளையாட இருப்பது தெரு ஒன்றுதான், அந்தத் தெருவின் இரண்டு ஓரமும் கார்கள். பிள்ளைகள் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒருநாள் தெருவை மறித்துத் தடுப்பு வைக்கிறார்கள். ஒரு காரோட்டி இறங்கி வந்து தடுப்பைப் பிடுங்கி எறிகிறார். பெரியவர்கள் கூடிவிடுகிறார்கள். கூச்சல், தள்ளுமுள்ளு.

இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். அந்த மனிதர் வில்லன் இல்லை, எங்கேயோ அவசரமாகப் போகவேண்டியவர். அவர் தரப்புக்குப் படம் இன்னும் கொஞ்சம் நேரம் தந்திருக்கலாம், அது ஒரு குறை. ஆனால் வழியை மறித்து நிற்பவர் மந்திரியோ கம்பெனி முதலாளியோ அல்ல, நம்மை மாதிரி ஒருத்தர் என்பதைப் படம் மறைக்கவில்லை. 2011 படம் தைரியம் கொடுக்கிறது. 1972 படம் அந்த தைரியம் எதற்குத் தேவைப்படும் என்று காட்டுகிறது.

இயக்கத்துக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் தாய்தான் அதன் முதல் தலைவர். விபத்து நடந்த இடங்களில் உட்கார்ந்தார்கள். தெருவை மூடி நடுவே மேஜை போட்டு எல்லாருமாகச் சாப்பிட்டார்கள். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டு வாசலில் போய்ப் பாட்டுப் பாடினார்கள். திட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் எதிரியாவான், சாப்பிடக் கூப்பிட்டால்? 1976-ல் 'வோனெர்ஃப்' என்ற குடியிருப்புத் தெரு சட்டத்திலேயே வந்தது. அங்கே நடப்பவருக்குத் தெருவின் முழு அகலமும் சொந்தம். குழந்தைகள் விளையாடலாம். கார் நடை வேகத்தில்தான் ஊரவேண்டும் என்றது அன்றைய விதி.

சுபம் என்று இப்போதும் போட முடியாது. 2023-ல் அந்த நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 684 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் மட்டும் 270. 3,300-லிருந்து 684 என்பது சாதாரண விஷயமல்ல. ஆனாலும் 270 வீடுகளில் அது வெறும் எண் இல்லை.

நம்ம ஊரிலும் கொள்கைக்குக் குறைச்சல் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது; குடும்பத்தோடு போய் நடந்து பார்த்தோம், சுகமாகத்தான் இருந்தது. அங்கே தகராறு முதலில், சட்டம் அப்புறம். இங்கே காகிதம் முதலில் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு நடக்கவேண்டிய அந்தத் தகராறு பாக்கி இருக்கிறது.

படம் முடிந்ததும் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருவில் நடைபாதை என்று பேருக்கு ஒன்று உண்டு. அதில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. ஸ்கூல் பையோடு ஒரு சிறுமி கீழே தார் ரோட்டில் இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கார் என்னுடையது.