சராசரியின் நிழலில் மறையும் தனியாள்

ஒரே அளவு மருந்தை உட்கொள்ளும் இருவரின் குருதியில் அம்மருந்தின் செறிவு ஒரே அளவினதாய் அமைவதில்லை. இவ்வேறுபாட்டை வெறும் பிழையெனத் தள்ளாது, ஆய்வுப் பொருளாகவே கொண்டமை குடித்தொகை மருந்தியக்கவியலின் தனிச்சிறப்பாகும். 1970களில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஷெய்னர், ஸ்ருவேட் பீல் ஆகியோர் வளர்த்தெடுத்த இந்நெறி, ஒவ்வொருவரிடமிருந்தும் சில அளவீடுகளே கிடைப்பினும், அனைவரது தரவுகளையும் ஒருங்குசேர்த்துக் குடித்தொகையின் சராசரியையும் அதினின்றும் தனியாட்கள் விலகும் பாங்கினையும் மதிப்பிடுகின்றது. இவ்விலகல்களே எழுமாற்று விளைவுகள் எனப்படுவன.

இந்நெறியின் வலிமை எதுவோ அதுவே அதன் பலவீனமுமாகும். 1985இல் வெளிவந்த, குறைமாதக் குழந்தைகளுக்கு வழங்கிய பீனோபாபிற்றல் பற்றிய ஆய்வு இதற்குத் தக்க சான்று. 59 குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டவை 155 அளவீடுகளே; சராசரியாக ஒரு குழந்தைக்கு மூன்றுகூட இல்லை. இத்தகைய நிலையில் ஒரு குழந்தைக்குரிய மதிப்பீடு, அதன் சொந்தத் தரவுக்கும் குடித்தொகைச் சராசரிக்கும் இடையே எட்டப்படும் ஓர் இணக்கமேயாம். தரவு குன்றுமிடத்துச் சராசரியே மேலோங்கும். மாதிரியுரு தரும் நியம விலகல் 0.30 ஆக, தனியாள் மதிப்பீடுகளின் நியம விலகல் 0.15 மட்டுமே எனின், சுருக்கம் 50 சதவீதமாகும்.

இதன் விளைவுகளை உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவிச், கார்ல்சன் ஆகியோர் 2009இல் தெளிவுறுத்தினர். சுருக்கம் மிகுந்தவிடத்து, உடல்நிறைக்கும் மருந்தகற்றலுக்கும் இடையே மெய்யாகவுள்ள தொடர்பு வரைபில் மறையலாம். இல்லாத தொடர்பு தோன்றவும் கூடும். எச்சங்கள் சுருங்குமிடத்தோ, தவறான மாதிரியுருவும் அளவீடுகளோடு அழகுறப் பொருந்துவதாய்த் தோற்றமளிக்கும். ஆகவே, ஒழுங்கான வரைபு சிறந்த மாதிரியுருவுக்குச் சான்றன்று. தரவின் வறுமையும் அவ்வொழுங்கைத் தோற்றுவிக்கும்.

இவ்வாய்வு பெரும்பணி ஆற்றியது என்பதில் ஐயமில்லை. எனினும், அதில் எச்சரிக்கையாகக் கூறப்பட்ட 20 முதல் 30 சதவீதம் என்னும் எல்லையைச் சட்டமாகக் கொள்ளும் போக்கு ஏற்கத்தக்கதன்று. சுருக்கம் என்பது நோயன்று. தனியாள்பற்றித் தரவு எவ்வளவு பேசுகின்றது என்பதன் குறிகாட்டி மட்டுமே. சுருக்கம் குறைவெனின் மாதிரியுரு சரியென்றோ, மிகுதியெனின் அது பிழையென்றோ துணிதல் பொருந்தாது. மாறற்றிறன் பூச்சியத்தை அண்மியதாய் மதிப்பிடப்படும்போது, மனிதரிடையே வேறுபாடில்லை என முடிவுகட்டுவதும் இவ்வகைத் தவறே. அவ்வேறுபாட்டைக் காணப் போதிய தரவில்லை என்பதே பலவேளைகளில் உண்மையாக இருத்தல் கூடும்.

ஆதலால், ஐயத்துக்குரிய தனியாள் மதிப்பீடுகளை வரைந்து நோக்குவதோடு அமையாது, உடல்நிறை போன்ற காரணியை மாதிரியுருவினுள்ளேயே சேர்த்துப் பொருத்தம் மேம்படுகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். மாதிரியுருவிலிருந்து புதிய தரவுகளைப் போலியாக உருவாக்கி, மெய்யான அளவீடுகளின் பரம்பலோடு ஒப்பிடுதலும் இன்றியமையாதது. குருதி எடுக்கும் நேரங்களை முன்கூட்டியே திட்டமிடுதல் இவையனைத்திற்கும் அடிப்படையாகும். இல்லாத தகவலை எந்தக் கணனியும் படைத்தளிக்க மாட்டாது.

இது வெறும் கணித நுட்பம் பற்றிய விவாதமன்று. சராசரியினின்றும் மிக விலகிய குழந்தைக்கே மருந்தளவு பிழைக்கும் அபாயம் மிகுதி. அக்குழந்தையையே சுருக்கம் சராசரியோடு கரைத்துவிடுகின்றது. வேறுபாட்டை அறியவென எழுந்த ஒரு துறை, வேறுபாட்டை மறைக்கும் வரைபுகளில் மனநிறைவு கொள்ளுமாயின், அது தன் பிறப்பின் நோக்கத்தையே இழந்ததாகும்.