விற்காத சரக்குக்கு என்ன நஷ்டம்?

திருட்டு காப்பி தப்பு. சந்தேகமே வேண்டாம். ஆனால், கடைக்காரரே ‘விற்க மாட்டேன் போ’ என்று ஷட்டரை இழுத்துவிட்டால்?

‘மெல்ட்டி பிளட்’ என்று ஒரு ஜப்பானிய சண்டை கேம். 2002 டிசம்பரில், டோக்கியோவில் நடக்கும் காமிக்கெட் என்ற ரசிகர் சந்தையில் வெளியானது. பெரிய கம்பெனி சரக்கு அல்ல. இரண்டு சின்னக் குழுக்கள் சேர்ந்து கம்ப்யூட்டருக்காகச் செய்தது. ரத்தக்காட்டேரிக் கதை, பெரிய பெரிய கண்களோடு அனிமே முகங்கள். குழந்தைச் சமாச்சாரம் என்று நினைத்தால் போச்சு! பிற்பாடு வந்த ‘ஆக்ட்ரஸ் அகெய்ன்’ பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று சண்டைப் பாணி. ஒரே ஆளை மூன்று தடவை கற்றுக்கொள்ள வேண்டும். செஸ் மாதிரிதான், யோசிக்க மட்டும் அரை விநாடிகூடக் கிடைக்காது.

இதன் ‘கரண்ட் கோட்’ பதிப்பு 2011 கடைசியில் பிசிக்கு வந்தது. எப்படி? ‘கார்னிவல் ஃபாண்டஸம்’ என்ற அனிமே தொடரின் ஸ்பெஷல் எடிஷன் டிஸ்க்கோடு, ஜப்பானில், இலவச இணைப்பாக! ஸ்டாக் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அமெரிக்காவில் இருக்கிற ரசிகன் என்ன பண்ணுவான்? காப்பி அடித்தான். அத்தோடு விடவில்லை. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து நெட் வழியாக மோதிக்கொள்ள, ரசிகர்களே ஒரு புரோகிராமும் எழுதிக்கொண்டார்கள். வெளிநாட்டில் ஆட்டம் பிழைத்துக் கிடந்தது இப்படித்தான். முறைப்படி ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது 2016 ஏப்ரலில்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. ஸ்டாக் தீர்ந்ததற்கும் ஸ்டீமுக்கும் நடுவில் எந்த லெட்ஜரில் நஷ்டம் எழுதுவது? 2016-க்கு அப்புறமும் ‘ஓசியில்தான் ஆடுவேன்’ என்கிறவருக்கு இந்தச் சால்ஜாப்பு செல்லாது. அது உழைத்தவன் வயிற்றில் அடிப்பது.

இது ஒரு கேமின் கதை மட்டுமல்ல. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்குச் சொன்னது. சரி, லைப்ரரியில் இருக்கிற பழைய கேம்களை ஆய்வாளர்கள் தங்கள் இடத்திலிருந்தே இயக்கிப் பார்க்கட்டுமே என்று அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்களாம். விளையாட்டை யாராவது விளையாடிவிட்டால் என்ன ஆவது என்று கவலை!

விற்கிறீர்களா, காசு வாங்கிக்கொள்ளுங்கள். விற்கவில்லையா, லைப்ரரிக்காவது வழி விடுங்கள். இரண்டும் முடியாது என்றால், திருடனைக் காவலுக்கு வைப்பது நீங்கள்தான்.