உச்சியில் மூன்று சுற்று

'மந்திரி குமாரி'யை ஒருமுறை சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் பாருங்கள். கலைஞரின் வசனத்துக்கும் ஜி. ராமநாதனின் இசைக்கும் துரோகம்தான். ஆனாலும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் தந்த அந்தப் படத்தை நாம் காதால் மட்டுமே ரசித்துப் பழகிவிட்டோம். சத்தம் போனால் தர்பார் காட்சிகளில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மலைக் காட்சி அப்படியல்ல.

பார்த்திபன் (எஸ்.ஏ. நடராஜன்) மனைவி அமுதவல்லியை (மாதுரி தேவி) கொஞ்சிக் கொஞ்சி உச்சிக்கு அழைத்துப் போகிறான், உருட்டிவிடத்தான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் பாட்டில் காதல் வழிகிறது. படமோ வேறு கதை சொல்கிறது. ஏற்காட்டில் எடுத்தது என்பார்கள் எங்கள் பக்கத்தில். போதமலையும் கொல்லிமலையும் கண்ணில் படவே வாழும் நாமகிரிப்பேட்டைக்காரர்களுக்கு மலையின் சுபாவம் தெரியும்: ஏற ஏற வானம் அகலும், கால் வைக்கும் இடம் குறுகும். அந்தக் குறுகல்தான் காட்சியின் உயிர்.

உண்மை தெரிந்ததும் அவள் கதறவில்லை. சாகுமுன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். குண்டலகேசி கதையில் உள்ளதுதான். ஆனால் சினிமாவுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. வலம் வருபவள் ஒவ்வொரு சுற்றிலும் அவன் முதுகுக்குப் பின்னால் போயாக வேண்டுமே! பக்தியும் பழியும் ஒரே அசைவில். மூன்றாவது சுற்றில் தள்ளிவிடுகிறாள்.

முர்னாவின் 'சன்ரைஸ்' (1927) மௌனப்படத்திலும் ஒரு கணவன் மனைவியை மூழ்கடிக்கப் படகில் கூட்டிப் போகிறான். நடை கனக்க வேண்டுமென்று நாயகன் காலணிக்குள் எடை வைத்தாராம் முர்னாவ். படகில் கூனிக் குறுகி எழுந்து வரும் அந்த உருவத்தைக் கண்டதுமே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கைகூப்புகிறாள், அவன் முகத்தை மூடிக்கொள்கிறான். ஒளிப்பதிவுக்கான முதல் ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான். அங்கே கூப்பிய கை மன்னிப்பில் முடிகிறது, இங்கே கொலையில். எனக்கு அமுதவல்லியைத்தான் பிடிக்கிறது.

'மந்திரி குமாரி'யின் இயக்குநர்களாக இரண்டு பெயர்கள் வரும். ஒருவர் ஸ்டுடியோ முதலாளி டி.ஆர். சுந்தரம்: திருச்செங்கோட்டுக்காரர், லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். இன்னொருவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். 'சதி லீலாவதி' (1936) தொடங்கிப் பதினைந்து வருடம் தமிழில் படமெடுத்தும் அவருக்குத் தமிழ் வரவில்லை. வசனம் புரியாதவர் நடிகரின் தோளையும் நடையையும்தானே கவனித்திருப்பார்!