பிடிபட்டதன் வாய்: ஒரு ஜப்பானிய நகைச்சித்திரக்கதையும் தமிழில் நகையின் மொழியும்

முன்னுரை

2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘போக்கிமோன் கோ’ விளையாட்டு மலேசியாவில் வெளிவந்தபோது, பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் கைப்பேசித் திரையை நோக்கியவாறே நடந்த இளையோரை நாம் கண்டோம். பூக்கடைக்கும் இசைத்தட்டுக் கடைக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத உயிரிகளை அவர்கள் தேடிக்கொண்டிருந்தனர். அவ்வுயிரிகளைச் சுற்றி எழுந்த சித்திரக்கதைகளுள் காலத்தால் முந்தியதும், நகைச்சுவையே குறியாகக் கொண்டதுமான ஒன்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சிறுவர்க்கான மங்காவுக்கு ஆய்விதழில் இடம் வேண்டுமா என்னும் வினா எழக்கூடும். நம் பள்ளிப் பிள்ளைகள் எதைக் கண்டு சிரிக்கின்றனர், எந்த மொழியில் சிரிக்கின்றனர் என்பது தமிழாசிரியரின் கவலைக்குரிய செய்திதான் என்பது நம் கருத்து.

நூலும் அதன் களமும்

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் ‘பொக்கெட் மோன்ஸ்டர்’ என்னும் கையடக்கக் கருவி விளையாட்டு சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக வெளிவந்தது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த இன்பத்தை விளையாட்டாக்க விரும்பிய தஜிரி சத்தோஷியின் படைப்பு அது. அதே ஆண்டிலேயே அனகுபோ கோசாகு அதனைத் தழுவி நகைச்சித்திரக்கதை ஒன்றை வரையத் தொடங்கினார். உலகம் அறிந்த தொலைக்காட்சி அசைபடத் தொடர் 1997 ஏப்ரலில்தான் தொடங்கியது என்பதை நோக்க, அனகுபோவின் முன்னே விளையாட்டைத் தவிர வேறு முன்மாதிரி இல்லை எனலாம். அத்தொடர் 2019ஆம் ஆண்டு வரை நீடித்தது.

கதை வெளிவந்த ‘கொரோகொரோ’ இதழ்க் குடும்பம் 1977இல் ஷோகாகுகான் பதிப்பகத்தால் தொடங்கப்பட்டது. ‘ஷோகாகு’ என்பது தொடக்கப்பள்ளிக் கல்வியைக் குறிக்கும். 1922இல் பள்ளி மாணவர்க்கு வகுப்புவாரியாக இதழ் நடத்தத் தோன்றிய நிறுவனமே பின்னாளில் டோராமோனையும் இந்தக் குறும்புக் கதையையும் வெளியிட்டது. பாடத்துக்கும் சிரிப்புக்கும் ஒரே பதிப்பகம் இடம் தந்தது என்பது நம் சூழலிலிருந்து பார்ப்பவர்க்கு வியப்பளிக்கும்.

கதைத்தலைவன் அகாய் இசாமு, சுருக்கமாக ரெட். அவன் எதிரி மிடோரிகாவா காய், அதாவது கிரீன். முன்னவன் பெயரில் ‘சிவப்பு’ம் பின்னவன் பெயரில் ‘பச்சை’யும் உள்ளன, விளையாட்டின் இரு பதிப்புகளும் இரு சிறுவர்களாயின. ரெட் சிறந்த பயிற்றுநனாக விரும்புகிறான். அவனுக்கு வாய்த்த துணையோ பிப்பி, ஆங்கில வழக்கில் கிளெஃபேரி, என்னும் இளஞ்சிவப்பு நிற உயிரி. அது பெருந்தீனி தின்னும், காற்றுப் பிரிக்கும், உடலை இழுத்தும் ஊதியும் காட்டும், சண்டைக்கு அனுப்பினால் காரியத்தைக் கெடுத்துத் திரும்பும். இவை யாவற்றிற்கும் மேலாக, அது பேசும்.

பேசும் உயிரி

இப்பேச்சே இந்நூலின் உயிர்நிலை. மூல விளையாட்டில் காட்டுயிரியைச் சண்டையிட்டுத் தளர்த்திப் பந்துக்குள் அடைக்கிறோம். ஆறு உயிரிகள் வரை உடன் கொண்டு செல்லலாம்; ஒவ்வொன்றுக்கும் நான்கு திறன்கள் வரை உண்டு; நாம் தேர்ந்ததை அது செய்யும். அசைபடத்தில் பிகாச்சு தன் பெயரை மட்டுமே பலவாறு ஒலிக்கிறது. அன்பும் சினமும் அவ்வொன்றிலேயே அடங்குகின்றன. இந்தியாவில் அத்தொடர் தமிழிலும் மொழிமாற்றம் பெற்றுள்ளது. பிகாச்சுவின் வாய்மொழியைப் பொறுத்தமட்டில் அங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு வேலையே இல்லை.

அனகுபோவின் பிப்பி மனித மொழியை முழுமையாகப் பேசுகிறது. பேசத் தெரிந்த அடிமை முதலில் செய்வது என்ன? எசமானைக் கேலி செய்கிறது. ரெட் கட்டளையிட்டால் எதிர்வாதம் செய்கிறது. அவன் பெருமையடித்தால் ஊரறியக் குட்டு வெளிப்படுத்துகிறது. சேகரிப்பதையும் ஏவுவதையும் இன்பமாகக் கொண்ட விளையாட்டிலிருந்து பிறந்த கதை, சேகரிக்கப்பட்டதன் பக்கம் நின்று அவ்வின்பத்தைக் குலைக்கிறது. 1997இல் தொடங்கிய குசாகா ஹிதெனோரியின் தொடர் அதே விளையாட்டை வீரகதையாக வளர்த்தது. கதைக்கட்டில் அதுவே மேம்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் விளையாட்டின் அடிப்படை உறவை நோக்கி வினா எழுப்பியது, எழுப்புகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் எழுப்பியது, இந்தக் கோமாளிக் கதைதான்.

தொல்காப்பியர் நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுவார். பேதைமையையும் மடனையும் ஒன்றெனக் கருதுவது எளிது. ஆனால் பேதைமை அறியாமை. மடனோ பிறர் கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரைமரபு வேறுபடுத்தும். இவ்வேறுபாட்டை விளக்க ரெட்டைவிடப் பொருத்தமான பாத்திரம் நமக்குக் கிட்டவில்லை. விளையாட்டின் விதி அவனுக்குக் கற்பிக்கப்பட்டது: பிடி, பழக்கு, வெல். ஒவ்வொரு கதையிலும் அவ்விதி பொய்த்துப்போகிறது. அடுத்த கதையில் அவன் மீண்டும் அதையே பற்றிக்கொண்டு வருகிறான். பிப்பியின் தின்னலும் உளறலும் பேதைமை. அது ரெட்டை நோக்கி வீசும் சொற்கள் எள்ளல். இரண்டும் ஓருயிரிடமே இருப்பதால் எது அறியாமை, எது வேண்டுமென்றே செய்தது என்று ரெட்டுக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. சிரிப்பின் பெரும்பகுதி இம்மயக்கத்திலேயே பிறக்கிறது.

கழிவு சார்ந்த கேலியை ‘இழிசுவை’ என ஒதுக்குவோர் உளர். தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறும் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கனுள் அதற்கு வெளிப்படையான இடமில்லை என்பதை இடையே சுட்டி அப்பாற் செல்கிறோம்.

நம்மிடம் இருந்த பிப்பிகள்

ஏவலுக்கு உரியவன் வாய்திறந்து ஏவுவோனை நகையாடும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தெருக்கூத்தின் கட்டியக்காரன் அரசனின் வருகையை அறிவிப்பவன். அவனே அரசனைக் கிண்டலும் செய்வான். குமரி மாவட்டத் தோற்பாவைக் கூத்தில் இராமகாதைக்கிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றி ஒருவரையொருவர் அடித்தும் வாய்க்கு வந்தபடி பேசியும் கூட்டத்தைச் சிரிக்கவைப்பர். முக்கூடற்பள்ளில் பண்ணைக்காரனின் உருவமும் நடையும் நகைப்புக்குரியனவாக வருணிக்கப்படுகின்றன. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் கங்காணியை எள்ளும் பாடல்கள் வாய்மொழியாக வழங்கின. திரையில் ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் அரியர். அங்கு அடி விழுவது கீழிருப்பவன் மீது. ஆயினும் சொல்லில் தோற்பவன் மேலிருப்பவனே. அனகுபோவிடம் அடியும் பெரிதும் மேலிருப்பவன் மீதே விழுகிறது என்பது ஒன்றே வேறுபாடு.

குறையையும் கூறவேண்டும். ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டு நீண்ட தொடரில் எள்ளல் பழகிப்போயிற்று. புதிய விளையாட்டு வெளிவருந்தோறும் நூலின் பெயர் மாறியது. ரூபி-சபையர் என்றும் டைமண்ட்-பேர்ல் என்றும் புதிய அட்டைகள் வந்தன. உள்ளே அதே இருவர், அதே சண்டை. பிப்பி எசமானைக் கேலி செய்யலாம். பந்தை விற்கும் வணிகத்தைக் கேலி செய்வதில்லை. ஒன்றிரண்டு தொகுதிகளோடு நின்றிருப்பின் இந்நூலை இன்னும் உயர்வாக மதித்திருப்போம். பள்ளு இலக்கியத்திலும் பண்ணை கவிழ்வதில்லை. பள்ளனே தொழுவில் மாட்டப்படுகிறான். ஆனால் அப்பண்ணையின் கொடுமையை நாம் அங்கு உணர்கிறோம். இங்கு வலி என்பதே இல்லை. அடிபட்டவன் அடுத்த கட்டத்தில் எழுந்து நிற்கிறான். கேலிச்சித்திரத்தின் உரிமை அது என்பர். ஓரளவே ஏற்கலாம்.

ஒலிக்கும் பக்கங்கள்

தமிழாசிரியர்க்கு இந்நூலில் மிகுதியான வேலை இருப்பது ஒலிக்குறிப்புச் சொற்களிலேதான். ஜப்பானியச் சித்திரக்கதையின் பக்கம் ஒலிச்சொற்களால் நிறைந்தது. அடி, வீழ்ச்சி, ஓட்டம் மட்டுமன்றி மினுக்கம், நாணம், திகைப்பு, அமைதி ஆகியவற்றுக்கும் அம்மொழியில் ஒலிச்சொற்கள் உள. செவிக்குக் கேட்பதைக் குறிப்பன ஒருவகை. கேளாத நிலையைக் குறிப்பன மற்றொரு வகை. உரிச்சொல்லை விளக்கும் தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றைக் கூறுவது இங்கு நினைவுக்கு வருகிறது. அவற்றுள் முதலிரண்டும் இப்பாகுபாட்டோடு பெரிதும் ஒத்துப்போகின்றன.

பிகாச்சு என்னும் பெயரே இதற்குச் சான்று. ஜப்பானியத்தில் ‘பிகா பிகா’ என்பது பளபளப்பு. ‘சூ’ என்பது எலியின் கீச்சொலி. தமிழில் சொன்னால் ‘பளிச்கீச்சு’. இதழின் பெயரான ‘கொரோகொரோ’வும் உருள்வதைக் குறிக்கும் இரட்டைச்சொல்லே. மலாய்மொழியிலும் ஆமை ‘கூரா கூரா’. பட்டாம்பூச்சி ‘ராமா ராமா’. இரட்டைக்கிளவியைப் போலவே இவையும் இரட்டித்தே வழங்குவன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பிள்ளை ஒருவன் வீட்டில் ‘தடதட’ என்று கேட்டு, பள்ளியில் ‘கூரா கூரா’ என்று எழுதி, சித்திரக்கதையில் ‘பிகா பிகா’வைக் கண்டு வளர்கிறான். இத்தகைய செவி வேறெந்த நாட்டுத் தமிழ்ப்பிள்ளைக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

அச்செவிக்கு நாம் தந்தது என்ன? இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பாடத்திட்டத்தில் மொழியணி என்னும் தலைப்பில் இரட்டைக்கிளவிகள் ஆண்டுதோறும் பட்டியலாக இடம்பெறுகின்றன. பொருள் மனனமாகிறது, ஒரு வாக்கியம் அமைக்கப்படுகிறது, பயிற்சி முடிகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இம்முறை பெரிதும் மாறவில்லை. ஜப்பானியச் சிறுவனுக்கு அவை கதையில் இடித்தும் வழுக்கியும் விழும் சொற்கள். நம் சிறுவனுக்கு அவை வினாத்தாளின் கோடிட்ட இடம். டோராமோன் முதலியன மலாயில் நூல்வடிவில் கிட்டியதால், சிரிக்க விரும்பிய பிள்ளை மலாயில் சிரித்தான். அவன்மீது குறை காண நமக்கு உரிமையில்லை.

பிப்பி எந்தத் தமிழில் பேசும்?

இந்நூலின் ஒரு பக்கத்தையேனும் தமிழாக்க முயல்வோர் இவ்வினாவைத் தாண்டிச் செல்லவியலாது. பாடநூல் தமிழில் பேசும் பிப்பி அக்கணமே இறந்துவிடும். சென்னைத் திரைத்தமிழ் பேசினால் கிள்ளான் பிள்ளைக்கு அது தொலைக்காட்சிக் குரலாகும். எஞ்சுவது நம் தெருத்தமிழ்: ‘லா’ ஒட்டியது, மலாய்ச் சொல் கலந்தது. இதனை அச்சில் ஏற்றினால் மொழி சிதையும் என்னும் அச்சம் ஆசிரியரிடையே உண்டு. அவ்வச்சத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. சிறுபான்மையாய் வாழும் ஒரு மொழியின் வகுப்பறை, செந்தமிழைக் காப்பதையே தன் முதற்கடனாகக் கொள்வது இயல்பு.

ஆனால் கூத்து மேடை இச்சிக்கலை முன்பே தீர்த்துவைத்துள்ளது. அரசன் இலக்கியச் சாயலுடைய பாட்டில் பேசுவான். கட்டியக்காரன் ஊர்ப்பேச்சில் மறுமொழி தருவான். இரண்டும் அருகருகே நிற்பதால் இரண்டின் எல்லையும் பார்ப்போர்க்குத் தெளிவாகும். அவ்வழியே சென்றால் ரெட்டுக்குப் பாடநூல் தமிழைத் தரலாம். கற்பித்ததை விடாத மடன் அவனுடையதன்றோ! “தோழனே, இன்று நாம் வாகை சூடுவோம், புறப்படு!” என்று அவன் முழங்கட்டும். பிப்பி வயிற்றைத் தடவிக்கொண்டு, “மொதல்ல மக்கான் லா, அப்புறம் சண்டை” என்று சொல்லிவிட்டுத் தொபுக்கடீர் எனக் கட்டத்துக்கு வெளியே விழட்டும்.